கட்டிளமைப் பருவத்தினரின் உடற்பருமனும் பாடசாலையும்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டிளமைப் பருவத்தினரிடையே காணப்படும் மிகைப் பருமனைத் தடுத்தற்குரிய வழிகளாக இரண்டு பெரிதும் எடுத்துக் கூறப்படுகின்றன. ஒன்று அளவும் தரமும் அறிந்து உண்ணல். மற்றையது உடலை நாள்தோறும் இயக்குதல். மருத்துவ நோக்கில் இவ்விரண்டின் பயனும் ஐயத்துக்கு இடமற்றது. ஆயின் இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்னும் வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. மாணாக்கர் உண்ணும் உணவைத் தெரிபவர் மாணாக்கர்தாமா, பெற்றோரா, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவரா, அன்றிப் பண்டங்களை உற்பத்தி செய்து விளம்பரப்படுத்தும் நிறுவனங்களா? மாலையில் ஓடி விளையாடாத பிள்ளை சோம்பேறியா, அல்லது ஓடுதற்கு இடமும் நேரமும் இல்லாத பிள்ளையா? இவ்வினாக்களுக்குப் பல்வேறு சமூகங்கள் பல்வேறு காலங்களில் அளித்த விடைகளை ஒருங்கு நோக்கும்போதே இப்பொருளின் உண்மை இயல்பு புலனாகும்.

இக்கட்டுரை நான்கு நாடுகளின் அனுபவங்களைக் கருத்திற் கொள்கின்றது. பாடசாலை மாணவரின் உடலை அரசின் கவனத்துக்குரிய பொருளாக்கிய சட்டங்கள் பிரித்தானியாவில் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தன. இளைஞரின் உடற்பயிற்சி தேசியப் பிரச்சினையாக உருவெடுத்தமைக்கு ஐக்கிய அமெரிக்கா சிறந்த எடுத்துக்காட்டு. மாணவரின் பருமனைக் குறைத்தலையே நேரடி இலக்காகக் கொண்டு நாடு முழுவதும் ஒரு திட்டத்தை நடத்திய நாடு சிங்கப்பூர். அதற்கு வேறான ஒரு வழியிற் சென்ற நாடு யப்பான்.

1. மெலிவு பற்றிய அச்சம்

இன்று பருமனைத் தடுக்கும் கருவிகளாகக் கொள்ளப்படும் பாடசாலை உணவும், உடற்பயிற்சியும், மருத்துவப் பரிசோதனையும் தொடக்கத்திற் பருமனுக்கு எதிராக உருவாக்கப்பட்டவையல்ல. அவை பசிக்கும் மெலிவுக்கும் எதிராகத் தோன்றியவை.

1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த போவர் யுத்தத்துக்குப் படைதிரட்டியபோது, பிரித்தானியக் கைத்தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர் பெருந்தொகையினர் உடற்றகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டனர். உலகப் பேரரசொன்றின் தலைநாட்டு இளைஞர் துப்பாக்கி ஏந்தும் வலுவற்றவராயிருந்தமை ஆளும் வர்க்கத்தினரைத் திடுக்கிடச் செய்தது. இதனை ஆராய அமைக்கப்பட்ட குழு 1904 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. சீரழிவு பரம்பரையால் வந்ததன்று என்றும், வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, போதிய உணவின்மை ஆகியவையே அதற்குக் காரணம் என்றும் அவ்வறிக்கை உணர்த்திற்று. இதன் பயனாக 1906 ஆம் ஆண்டுச் சட்டம் வறிய மாணவருக்கு உணவளிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை மருத்துவப் பரிசோதனையைத் தொடக்கி வைத்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941 இல், பாடசாலை உணவுக்குரிய போசணை நியமங்கள் வகுக்கப்பட்டன. 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உணவளித்தலை மன்றங்களின் கடமையாக்கியது.

ஐக்கிய அமெரிக்காவின் நிலையும் இதனையொத்ததே. 1946 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ட்ரூமன் ஒப்பமிட்ட தேசியப் பாடசாலை மதிய உணவுச் சட்டம், பிள்ளைகளின் நலனைத் தேசப் பாதுகாப்போடு இணைத்தே பேசியது. கமத்தொழில் விளைபொருள்களின் மிகையை நுகரச் செய்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, அரசு மாணவரின் உடலில் அக்கறை கொண்டமைக்குப் பெரும்பாலும் போர்வீரர் பற்றிய தேவையே தூண்டுதலாயிற்று. இரண்டாவது, நோக்கம் எதுவாயினும், மெலிந்த பிள்ளை குற்றவாளியாகக் கருதப்படவில்லை. மெலிவுக்குச் சமூகமே பொறுப்பு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பருமன் பிரச்சினையாக எழுந்த காலத்தில் இவ்விரண்டாவது தெளிவு பெரிதும் மறக்கப்பட்டது.

2. மென்மை பற்றிய அச்சம்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கை முறை விரைவாக மாறிற்று. மோட்டார் வண்டியும், தொலைக்காட்சியும், நகரப்புறக் குடியிருப்பும் இளைஞர் நடக்கவேண்டிய தேவையைக் குறைத்தன. இச்சூழலில் ஹான்ஸ் கிரவுஸ் என்ற வைத்தியரும் அவருடன் பணியாற்றிய ரூத் ஹேர்ஷ்லாண்டும் பள்ளிச் சிறுவரிடம் ஆறு எளிய தசைவலுச் சோதனைகளை நடத்தி, அவற்றின் முடிவுகளை 1953, 1954 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். முழங்காலை மடியாது குனிந்து நிலத்தைத் தொடுதல், படுத்த நிலையிலிருந்து எழுந்தமர்தல் போன்றவையே அச்சோதனைகள். அமெரிக்கச் சிறுவரில் அரைப்பங்கினருக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒன்றில் தவறினர். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் சிறுவரிற் பத்திலொரு பங்கினரும் தவறவில்லை.

இச்செய்தி 1955 ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசனோவருக்கு எடுத்துரைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இளைஞர் உடற்றகுதிக்கான ஜனாதிபதி மன்றம் அமைக்கப்பட்டது. 1960 டிசெம்பரில், பதவியேற்பதற்கு முன்னரே, கெனடி விளையாட்டுச் சஞ்சிகையொன்றில் அமெரிக்கரின் மென்மையைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். கெடுபிடி யுத்தத்தின் பின்னணியில் இளைஞரின் தளர்ந்த தசை தேசத்தின் தளர்ச்சியாகவே காணப்பட்டது.

ஆயின் அச்சோதனைகள் முதுகுவலி நோயாளரைப் பரிசோதித்த அனுபவத்திலிருந்து உருவானவை. அவை உடலின் வளையுந்தன்மையையும் நடுவுடலின் வலுவையும் அளந்தனவேயன்றிப் பருமனை அளக்கவில்லை. அவற்றைத் தொடர்ந்து பாடசாலைகளிற் பரவிய உடற்றகுதிப் பரீட்சைகளோ பெரும்பாலும் திறமையுள்ளோருக்குப் பரிசளிக்கும் ஏற்பாடுகளாயின. ஏற்கெனவே ஓடக்கூடியவர் மேலும் ஓடினர். ஓடத் தயங்கியவர் மைதானத்தின் ஓரத்தில் நின்றனர்.

3. சணல் ஆலையும் மகளிர் பாடசாலையும்

மைதானத்தின் ஓரத்தில் நின்றவரை அறிவியலின் கண்கொண்டு நோக்கியவருள் முக்கியமானவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மேயர். அவருக்கு முன்னர், 1930களின் இறுதியில், ஹில்டே புரூக் என்ற வைத்தியர் நியூயோர்க்கில் நடத்திய ஆய்வுகள் ஒரு தவறான எண்ணத்தை அகற்றியிருந்தன. பருமனான பிள்ளைகளிற் பெரும்பாலோர் சுரப்பிகளின் கோளாறுடையோர் என்பதே அவ்வெண்ணம். அவர்களுட் பெரும்பாலோரின் சுரப்பிகளிற் குறையேதும் இல்லை என்பதைக் காட்டிய புரூக், குடும்பச் சூழலையும் உளநிலையையும் நோக்குமாறு வேண்டினார்.

மேயரின் ஆய்வொன்று தெற்காசியாவில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மேற்கு வங்கத்தில் கல்கத்தாவுக்கு அண்மையிலிருந்த சணல் ஆலையொன்றின் ஆண் பணியாளரிடையே நடத்தப்பட்ட அவ்வாய்வு 1956 இல் வெளியாயிற்று. கடின வேலை செய்தோர் தம் உழைப்புக்கேற்ப உண்டனர், அவர்கள் பருக்கவில்லை. ஆனால் நாள் முழுதும் அமர்ந்திருந்தோர் குறைவாக உண்பதற்கு மாறாக, இலகுவான வேலை செய்தோரிலும் கூடுதலாக உண்டனர், நிறையும் கூடியவராயிருந்தனர். இயக்கம் ஓர் எல்லைக்குக் கீழே குறையும்போது, பசி உடலின் தேவையைச் சரிவரக் காட்டுவதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. உடற்பயிற்சி பசியைத் தூண்டுவதால் நிறைகுறைப்புக்கு உதவாது என்று வாதிட்டோருக்கு இது தக்க மறுமொழியாயிற்று.

அதே ஆண்டில் மேயரும் அவருடைய சகாக்களும் பருமனான பள்ளி மாணவியரையும் ஏனைய மாணவியரையும் ஒப்பிட்டு மற்றொரு கட்டுரையை வெளியிட்டனர். பருமனான மாணவியர் சராசரியாக ஏனையோரிலும் குறைவாகவே உண்டதாகவும், ஆனால் மிகக் குறைவாகவே உடலை இயக்கியதாகவும் அது கூறிற்று. 1964 இல் வெளியான ஆய்வில், கோடை முகாமொன்றில் மாணவியர் விளையாடும்போது எடுக்கப்பட்ட திரைப்படச் சுருள்கள் பயன்படுத்தப்பட்டன. நீச்சற் குளத்தில் இறங்கியவரும் ரென்னிஸ் களத்தில் நின்றவரும் உண்மையில் எவ்வளவு நேரம் அசைந்தனர் என்பது அப்படங்களிலிருந்து கணிக்கப்பட்டது. பாடவேளை அட்டவணையில் உடற்பயிற்சி இடம்பெறுவதும் பிள்ளை உடலை இயக்குவதும் ஒன்றல்ல என்பதை அது தெளிவாக்கியது.

மேயரின் முடிவுகளுள் ஒரு பகுதி பின்னர் திருத்தப்பட்டது. ஒருவர் தாம் உண்டதாகக் கூறும் உணவின் அளவு நம்பத்தக்கதா என்பதைச் சோதிக்கும் நுட்பமுறைகள் 1980களில் வளர்ந்தன. அவற்றைக் கொண்டு கட்டிளமைப் பருவத்தினரிடையே செய்யப்பட்டு 1990 இல் வெளியான ஆய்வொன்று, இளைஞர் தம் உணவைக் குறைத்தே கூறுகின்றனர் என்பதையும், பருமனானோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது என்பதையும் காட்டியது. எனவே உணவைப் புறக்கணித்து இயக்கத்தை மட்டும் காரணமாகக் கொள்ளல் இயலாது.

எனினும் இத்திருத்தம் வேறொரு வினாவை எழுப்புகின்றது. அவ்விளைஞர் ஏன் குறைத்துக் கூறினர்? இதற்குரிய விடையின் ஒரு பகுதி மேயரும் மொனெல்லோவும் 1963 இல் எழுதிய கட்டுரையில் ஏற்கெனவே இருந்தது எனலாம். பருமனான மாணவியர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மனப்பாங்கு, இனப் பாகுபாட்டுக்கு உள்ளாகும் சிறுபான்மையோரின் மனப்பாங்கை ஒத்திருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். பிறரின் ஏளனத்தை எதிர்பார்த்தே வாழும் பிள்ளை, தான் உண்டதை மறைப்பதில் வியப்பில்லை.

4. சந்தைக்குத் திறந்த கதவு

மேற்கூறிய அறிவு வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே பாடசாலை உணவு எதிர்த்திசையிற் சென்றது. பிரித்தானியாவில் 1980 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் போசணை நியமங்களை நீக்கியதோடு, எல்லா மாணவருக்கும் உணவளிக்கும் கடமையிலிருந்தும் மன்றங்களை விடுவித்தது. செலவைக் குறைப்பதும் தெரிவுச் சுதந்திரத்தை வழங்குவதும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். நடைமுறையில், மலிவான பொரித்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் பாடசாலைகளில் இடம்பிடித்தன. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2001 இல், இங்கிலாந்தில் நியமங்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன. 2006 முதல் அவை மேலும் இறுக்கமாக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேறிவிட்டது.

இம்மாற்றம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் 5 முதல் 19 வயது வரையான பருமனானோரின் தொகை 1975 இல் 1 கோடி 10 இலட்சமாகவும் 2016 இல் 12 கோடி 40 இலட்சமாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. மனித இனத்தின் மரபணுக்கள் நாற்பது ஆண்டுகளில் இவ்வாறு மாறவல்லனவல்ல. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அனைவரும் ஒருங்கே மன உறுதியை இழந்தனர் எனக் கொள்வதும் பொருந்தாது. மாறியவை உணவின் விலையும், அது கிடைக்கும் வகையும், வீதியும், வீடும், பொழுதுபோக்குமே.

5. சிங்கப்பூர்: 1992 – 2007

சிங்கப்பூர் 1965 இல் தனி நாடாயிற்று. 1967 முதல் இளைஞருக்குக் கட்டாய தேசிய சேவை நடைமுறைக்கு வந்தது. 1982 இல் ஓட்டம், பாய்தல், எழுந்தமர்தல் முதலியன அடங்கிய தேசிய உடற்றகுதிச் சோதனை அறிமுகமாயிற்று. விரைவான செழிப்பு மாணவரின் உணவையும் பழக்கங்களையும் மாற்றியபோது, அரசு 1992 இல் 'ட்ரிம் அன்ட் பிட்' என்ற திட்டத்தைப் பாடசாலைகளிற் செயற்படுத்தியது. மாணவரின் உயரத்துக்கேற்ற நிறை கணிக்கப்பட்டது. சிற்றுண்டிச்சாலைகளிற் பொரித்த பண்டங்களும் இனிப்புப் பானங்களும் மட்டுப்படுத்தப்பட்டன. மிகை நிறையுடையோர் தனியே அழைக்கப்பட்டு மேலதிகப் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். பல பாடசாலைகளில் இது இடைவேளையின்போதோ வகுப்புக்கு முன்னரோ நிகழ்ந்தது. சிறந்த பெறுபேறு காட்டிய பாடசாலைகளுக்கு விருதுகளும் வழங்கப்பட்டன.

புள்ளிவிவர நோக்கில் இத்திட்டம் பயனளித்தது. 1992 இற்கும் 2000 இற்கும் இடையில் பருமனான மாணவரின் வீதம், 11–12 வயதினரிடையே 16.6 இலிருந்து 14.6 ஆகவும், 15–16 வயதினரிடையே 15.5 இலிருந்து 13.1 ஆகவும் குறைந்தது. செல்வம் பெருகிவரும் நாடொன்றில் இவ்வீதம் ஏறாது இறங்கியமை உலக நாடுகளின் கவனத்தை ஈர்த்தது.

ஆயின் இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. தனியே பிரிக்கப்பட்ட மாணவர் சக மாணவரின் கேலிக்கு இலக்காயினர். திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ரி, ஏ, எவ் என்னும் எழுத்துகளைப் பின்னிருந்து வாசித்தால் 'கொழுத்த' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் தோன்றும். இது தற்செயலே, எனினும் பள்ளி முற்றத்தில் அது வசைச்சொல்லாக வழங்கிற்று. உணவை வெறுத்தொதுக்கும் உளநோய்க்கு இளம் பெண்கள் சிலர் ஆளாவதில் இத்தகைய அழுத்தத்துக்குப் பங்குண்டா என்ற வினாவை வைத்தியர்களும் பெற்றோரும் எழுப்பினர். 2007 இல் இத்திட்டம் கைவிடப்பட்டு, மாணவர் அனைவரதும் உடல், உள, சமூக நலனைக் கருத்திற் கொள்ளும் புதிய ஏற்பாடு அதனிடத்தைப் பெற்றது.

இவ்வரலாற்றை மதிப்பிடுவோர் இருவகைத் தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். வீதம் குறைந்தது என்பதனால் அவமானப்படுத்துதல் பயனுடையது எனக் கொள்வது ஒரு தவறு. இத்திட்டத்தில் இரு கூறுகள் இருந்தன. சிற்றுண்டிச்சாலை உணவை மாற்றியமை எல்லா மாணவரையும் ஒருங்கே தழுவியது; தனிப் பயிற்சி சிலரைப் பிரித்தது. கிடைத்த பயன் எக்கூற்றின் விளைவு என்பதை மொத்தப் புள்ளிவிவரம் காட்டாது. திட்டம் கைவிடப்பட்டமையால் அரசின் தலையீடே வேண்டியதில்லை எனக் கொள்வது மற்றைத் தவறு. 2010களிற் சிங்கப்பூர் மாணவரிடையே பருமன் மீண்டும் தலைதூக்கியது. கைவிடவேண்டியிருந்தது அக்கறையன்று, அக்கறையை வெளிப்படுத்திய முறையே. அந்நாடு 2022 இறுதியிலிருந்து பானங்களைச் சீனியினதும் நிறைவுற்ற கொழுப்பினதும் அளவுக்கேற்பத் தரம்பிரித்துக் குறியிடச் செய்தமை, கவனம் பிள்ளையின் உடலிலிருந்து பண்டத்தின் பக்கம் திரும்பியதைக் காட்டுகின்றது.

6. ஒரே உணவு, ஒரே வகுப்பறை

பிள்ளைகளைப் பிரிக்காது செயற்படுதல் இயலுமா என்ற வினாவுக்கு யப்பானின் அனுபவம் விடை தருகின்றது. யமகாத்தா மாகாணத்தின் சுருஒக்கா நகரிற் பௌத்த துறவிகள் நடத்திய பாடசாலையொன்றில், 1889 இல், வறிய பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் வழங்கியதே அந்நாட்டுப் பாடசாலை உணவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1954 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிலையான அடித்தளமிட்டது. 2005 ஆம் ஆண்டில் உணவுக் கல்விக்கென அடிப்படைச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே போசணை ஆசிரியர் என்ற பதவியும் பாடசாலைகளில் உருவாக்கப்பட்டது. மாணவர் முறைவைத்துப் பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அவர்களுடன் வகுப்பறையிலேயே உண்கின்றார். எல்லோருக்கும் ஒரே உணவு. உணவுவேளை கல்வியின் ஒரு பகுதியாகின்றது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் பாடசாலைக்கு நடந்தே செல்கின்றனர். இது உடற்பயிற்சி என்ற பெயரைப் பெறாத உடற்பயிற்சி.

யப்பானியச் சிறுவரிடையே பருமன் வீதம் செல்வந்த நாடுகளுள் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருப்பதற்கு இது மட்டுமே காரணம் எனக் கூறல் பொருந்தாது. அந்நாட்டின் இளம் பெண்களிடையே அளவுமீறிய மெலிவு வேறொரு பிரச்சினையாக உள்ளமையும் மறுக்கத்தக்கதன்று. எனினும் எவரையும் சுட்டிக்காட்டாது எல்லோரின் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தல் இயலும் என்பதற்கு அது சான்றாகின்றது.

7. முடிபு

மெலிவின் வரலாறும் பருமனின் வரலாறும் தனித்தனி வரலாறுகள் அல்ல. 2025 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையானோரிடையே பருமனானோரின் வீதம் நிறை குறைந்தோரின் வீதத்தை முதன்முறையாகக் கடந்துள்ளது. இவ்விரு நிலைகளும் ஒரே நாட்டில், ஒரே வகுப்பறையில், சிலவேளை ஒரே குடும்பத்தில் அருகருகே காணப்படுகின்றன.

இலங்கை இதற்குப் புறம்பானதன்று. குறைபோசணையை நீக்குதற்கென 1973 இல் திரிபோஷா வழங்கத் தொடங்கிய இந்நாடே, 2016 இல் மென்பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களாற் குறிக்கும் விதியையும், 2017 இல் அவற்றின் சீனிக்கு வரியையும் கொண்டுவந்தது. தெற்காசியர் ஒப்பீட்டளவிற் குறைந்த உடற்திணிவுச் சுட்டியிலேயே நீரிழிவு முதலிய நோய்களுக்கு ஆளாகின்றனர் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசிய மக்களுக்குத் தாழ்ந்த எல்லைகளைக் கருத்திற் கொள்ளுமாறு கூறியது. ஆகவே இங்கு தடுப்பு இளமையிலேயே தொடங்குதல் இன்றியமையாதது. ஆனால் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மரக்கறியும் முட்டையும் மீனும் பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருள்களாயின. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குச் சமநிலை உணவு பற்றி விரிவுரை நிகழ்த்துதல், பசித்தவனுக்குப் பத்தியம் கூறுதலை ஒக்கும். மாலைப்பொழுது முழுவதையும் தனியார் கல்வி நிலையத்தின் வாங்கில் கழிக்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சியின் நன்மைகளைப் பரீட்சை வினாவாக்குதலும் அத்தகையதே.

நூறாண்டு வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே: பாடசாலைச் சமையலறையையும், சிற்றுண்டிச்சாலையையும், மைதானத்தையும், நடைபாதையையும் திருத்திய முயற்சிகள் எல்லாப் பிள்ளைகளையும் தழுவின. பிள்ளையின் உடலையே குற்றப்பொருளாக்கிய முயற்சிகளோ, அளவிற் சிறிது பயன் தந்தபோதும், ஆறாத வடுக்களை விட்டுச் சென்றன. 1904 ஆம் ஆண்டில் மெலிந்த பிள்ளையைக் கண்டு சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட வினாவை, இன்று பருத்த பிள்ளையைக் காணும்போதும் கேட்டுக்கொள்ளுதலே நீதியாகும்.